மீண்டும் ஒலித்த ஆம்ப்ளிஃபயர்

ஃபர்ம்வேர் எனப்படும் உள் இயக்க மென்பொருளின் புதுப்பிப்பு பாதியில் அறுந்ததும் என் டிஜிட்டல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் திரை அணைந்தது. பிறகு எத்தனை முறை இயக்கினாலும் சிவப்பு விளக்கு மட்டுமே எரிந்தது. கணினிக்கும் ஆம்ப்புக்கும் இடையே, ஓர் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் யுஎஸ்பி ஹப் வைத்திருந்ததே காரணம் என்று கருதுகிறேன்.

மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் இறங்கும்வரை பொறுத்திருந்து பெட்டியைத் திறந்தபோது, உள்ளே எஸ்டிஎம்32 வகைக் கட்டுப்பாட்டுச் சில்லு இருப்பதைக் கண்டு பெரிதும் ஆறுதலடைந்தேன். ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் முழுவதும் சிதைந்தாலும், ஆலையிலேயே அழிக்க முடியாதபடி பதித்த பூட்லோடர், அதாவது புதிய ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ள உதவும் சிறு நிரல், அச்சில்லில் எஞ்சியிருக்கும். சில்லின் பூட்0 என்ற முனையை 3.3 வோல்ட்டுடன் இணைத்து மறுதொடக்கம் செய்தால் அதுவே விழித்தெழும். அவ்வாறே செய்ததும் கணினி சாதனத்தை அடையாளம் கண்டது. இம்முறை ஹப் இல்லாமல், குட்டையான கேபிள் வழியே முழு ஃபர்ம்வேரையும் எழுதினேன்.

சேமித்திருந்த ஒலியமைப்புகள் மட்டும் போய்விட்டன. அவற்றைக் காதால் கேட்டுக் கேட்டு மீண்டும் அமைத்து வருகிறேன்.