தண்ணீர் ஏறியது, எண்ணெய் அடியில் சிக்கியது: கிர்ட்லாந்து விமானதளக் கசிவு

எரிபொருள் கசிவு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது “எவ்வளவு?” என்றுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரை ஒட்டிய கிர்ட்லாந்து விமானப்படைத் தளத்தில் இந்தக் கேள்விக்கு 60 லட்சம் கேலன் என்று ஒரு மதிப்பீடு, 2.4 கோடி கேலன் என்று இன்னொன்று. கணக்கு வைத்துக் கசிந்ததில்லை என்பது இந்த வித்தியாசத்திலேயே தெரிகிறது. சுத்தம் செய்ய இறங்குபவருக்கு இந்த எண்ணால் பெரிய பயனில்லை. எண்ணெய் இன்றைக்கு எந்த ஆழத்தில், மண்ணில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

1950களில் கட்டிய எரிபொருள் நிலையம் அது. எரிபொருளை இறக்கும் மேடையிலிருந்து போன நிலத்தடிக் குழாய்களில் ஓட்டை. 1999 நவம்பரில் தரையில் கறை தெரிந்த பிறகுதான் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை வைத்தார்கள், தேறவில்லை. அங்கே நிலத்தடி நீர் ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நடுவில் மணல், வண்டல், களிமண் என்று அடுக்கடுக்காக மண். இவ்வளவு ஆழத்துக்கு எண்ணெய் போகாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல பத்தாண்டுகள் விடாமல் சொட்டினால் போகும். களிமண் படிவம் வந்த இடத்தில் பக்கவாட்டில் பரவி, அது முடிந்த இடத்தில் மறுபடி கீழே இறங்கும். 2007இல் நீர்மட்டத்தின் மேலேயே எண்ணெய் மிதப்பது தெரிந்தது.

மேல் மண்ணைத் தோண்டி அகற்றினார்கள். அது சுலபம், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆழத்துக்கு 2003 முதல் ஆவி உறிஞ்சும் முறை. நீர்மட்டத்துக்கு மேல் பல ஆழங்களில் துளையிட்ட குழாய்களை இறக்கி, ப்ளோயர் என்ற காற்றிழுக்கும் கருவியால் வெற்றிடம் கொடுத்து, மண்ணிடுக்கில் உள்ள பெட்ரோலிய ஆவியை இழுப்பது. இழுத்த ஆவியை அப்படியே வெளியே விட முடியாது. தொடக்கத்தில் அதை உள்ளெரி இன்ஜின்களுக்கே எரிபொருளாகக் கொடுத்து எரித்தார்கள். ஆவி செறிவாக இருக்கும்வரை இது கெட்டிக்கார ஏற்பாடு. செறிவு குறையக் குறைய இன்ஜின் ஓட வெளியிலிருந்து எரிவாயு சேர்க்க வேண்டியிருக்கும். பின்னாளில் வினையூக்கி வைத்து எரிக்கும் கருவிக்கு மாறினார்கள்.

இந்த முறையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உறிஞ்சும் காற்றில் ஹைட்ரோகார்பன் அளவு குறைந்துகொண்டே வந்தால் மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காற்று மணல் வழியாகத்தான் ஓடுகிறது. களிமண்ணுக்குள் ஊறியது அப்படியே கிடக்கும். ப்ளோயரைச் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் எண் எகிறும். அப்படி எகிறாத நிலை வரும்வரை நிறுத்துவதும் ஓட்டுவதுமாகப் போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் உறிஞ்சுவதைவிட மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கொடுப்பது மலிவு. அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் காற்றை நிறுத்திவிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, கரியமில வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளப்பார்கள்.

இனித்தான் கிர்ட்லாந்தின் விசேஷச் சிக்கல். ஆல்புகெர்க்கி நகரம் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரையே குடித்துவந்தது. 2008 இறுதியில் ஆற்று நீருக்கு மாறத் தொடங்கியது. கிணறுகளில் இறைப்பு குறைந்ததால் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. ஊருக்கு நல்ல செய்தி, சுத்திகரிப்புக்குத் தலைவலி. மிதந்த எண்ணெய் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்துவிடாது. பெரும்பகுதி மண்துகள்களுக்கு நடுவே சிக்கி, ஏறிய தண்ணீருக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது. தண்ணீருக்கடியில் போனதை ஆவி உறிஞ்சும் குழாய் தொடவே முடியாது.

கண்காணிப்புக் கிணறுகளும் கெட்டன. மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க, கிணற்றுக் குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக நிற்க வேண்டும். மட்டம் ஏறித் துளைப்பகுதி முழுவதும் மூழ்கிவிட்டால் எண்ணெய் கிணற்றுக்குள் நுழைய வழியில்லை. அறிக்கையில் “மிதக்கும் எண்ணெய் இல்லை” என்று வரும். அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இப்போதைய மட்டத்துக்கு ஏற்றபடி புதுக் கிணறுகள் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 150 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு கிணறும் பெரும் செலவு.

எண்ணெயைவிட அதிகத் தூரம் போனது எத்திலீன் டைபுரோமைடு. 1975 வரை அங்கே பயன்பட்ட ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் இது இருந்தது. இன்ஜினுக்குள் ஈயம் படியாமல் ஆவியாக வெளியேற்றச் சேர்ப்பார்கள். நீரில் கரையும், மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தானாகச் சிதைய வெகுகாலம் ஆகும். அதனால் பெட்ரோலில் உள்ள இன்னொரு நச்சுப்பொருளான பென்சீன் தளத்துப் பக்கமே நின்றுவிட, இது நகரின் குடிநீர்க் கிணறுகள் இருக்கும் வடகிழக்கு நோக்கித் தளத்தின் எல்லையைத் தாண்டியது. அமெரிக்கக் குடிநீர் வரம்பு பென்சீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், இதற்கு 0.05.

இந்த 0.05 ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பொறி. எளிதில் ஆவியாகும் பொருட்களுக்கான வழக்கமான 8260 என்ற ஆய்வு முறை பொதுவாக இவ்வளவு கீழே பார்க்காது. “கண்டறியப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்துவிடும். 8011 என்ற தனி முறையைக் கேட்டு வாங்க வேண்டும். சாம்பிளை 40 மில்லி குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடிய பின் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழி தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பியில் எடுக்க வேண்டியதுதான்.

2015 முதல் தளத்துக்கு வெளியே கிணறுகள் போட்டு இறைத்து, மாசை ஈர்த்துப் பிடிக்கும் கரித்துகள் நிரப்பிய தொட்டிகள் வழியாகச் செலுத்துகிறார்கள். இந்த வகை அமைப்பில் தொட்டிகள் இரண்டு இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே சாம்பிள் எடுத்துப் பார்த்து, முதல் தொட்டியைத் தாண்டி மாசு வந்தால் அதன் கரியை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். காற்றை ஊதிப் பிரிக்கும் கோபுரம் இதற்கு அவ்வளவு ஒத்துவராது, எத்திலீன் டைபுரோமைடு தண்ணீரை விட்டு லேசில் வெளியேறாது. சுத்தமான நீரில் ஒரு பங்கு கோல்ஃப் மைதானப் பாசனத்துக்கு, மற்றது திரும்ப நிலத்தடிக்கே. நிலத்தடிக்குள் விடும் கிணறுகள்தாம் இந்த வேலையில் அடிக்கடி மக்கர் செய்பவை: சுண்ணாம்பு படியும், நீரோடு போகும் காற்றுக்குமிழிகள் மண்ணிடுக்கை அடைக்கும், அழுத்தம் ஏறும். தண்ணீரை மேலிருந்து விழவிடாமல், குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி விட்டால் பாதித் தொல்லை குறையும்.

இறைப்பு பரவலைத் தடுக்கும், விளிம்பைச் சுருக்கும். மூலத்தில், தண்ணீருக்கடியில் சிக்கிய எண்ணெயிலிருந்து புதிதாகக் கரைந்துகொண்டேதான் இருக்கும். அங்கே ஆக்சிஜன் இல்லாததையே சாதகமாக்க ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது: நீரை எடுத்து, பாக்டீரியாவுக்கு உணவாக லாக்டேட் சேர்த்து, திரும்பச் செலுத்திச் சுழற்றுவது. அந்தச் சூழலில் பாக்டீரியா எத்திலீன் டைபுரோமைடிலிருந்து புரோமினைக் கழற்றிவிடும். சோதனைப் பரப்பில் அளவு நன்றாகவே இறங்கியது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பென்சீன் ஆமைவேகத்தில்தான் சிதையும். லாக்டேட்டைக் கொட்டினால் பாக்டீரியாப் படலம் வளர்ந்து செலுத்தும் கிணறே அடைபடும். எத்திலீன் டைபுரோமைடுக்கு லாக்டேட்டும் பென்சீனுக்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கிணற்றில் செய்துவிடலாம் என்று திட்டம் கொண்டுவருபவரிடம் அடைப்பெடுக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.