ஈயின் குடலிலும் மனித ரத்தத்திலும் ஒரே ஒட்டுண்ணி

ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புரூசி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மனித ரத்தத்திலும் ட்செட்சி ஈயின் உடலிலும் மாறி மாறி வாழ்கிறது. ரத்தத்தில் இருக்கும்போது வி.எஸ்.ஜி. எனும் புரதத்தின் ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகள் அதன் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கின்றன. ஈயின் குடலை அடைந்ததும் அந்தப் போர்வை நீங்கி, புரோசைக்ளின் என்ற வேறு புரதம் அவ்விடத்தைப் பிடிக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸை நம்பியிருந்த செல், ஈயின் குடலில் புரோலைன் என்ற அமினோ அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துப் பிழைக்கிறது.

எந்த மரபணு எப்போது படியெடுக்கப்படுகிறது என்று கவனித்தாலே இம்மாற்றம் விளங்கிவிடும் என்றுதான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ஒட்டுண்ணியில் பெரும்பாலான மரபணுக்கள் நீண்ட வரிசைகளாக நின்று மொத்தமாகப் படியெடுக்கப்படுவதால், மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.க்களில் எது நிலைக்கிறது, எது சிதைகிறது, எதிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகிறது என்ற பிந்தைய கட்டங்களில்தான் தேர்வு நடக்கிறது. பாஸ்போகிளிசரேட் கைனேஸ் என்ற நொதிக்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்து ஒன்றாகவே படியெடுக்கப்படுகின்றன. இருப்பினும், ரத்த நிலையில் கிளைக்கோசோம் என்ற நுண்ணுறுப்புக்குள் இயங்கும் வடிவமும், ஈ நிலையில் சைட்டோபிளாசத்தில் இயங்கும் வடிவமும் மேலோங்குகின்றன. ஆகவே இங்கே புரதத்தையே நேரடியாக அளந்தாக வேண்டும்.

அதற்குச் சிலாக் என்ற முறை பெரிதும் உதவியது. ஒரு நிலையின் செல்களைச் சாதாரண லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் கொண்ட ஊடகத்திலும், மற்றொன்றின் செல்களை அவற்றின் கனமான ஐசோடோப்பு வடிவங்கள் கொண்ட ஊடகத்திலும் வளர்த்து, இரண்டின் புரதங்களையும் கலந்து, டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் செலுத்தினால், பெப்டைடு எனப்படும் ஒவ்வொரு புரதத் துண்டும் லேசான, கனமான இணையாகத் தோன்றும். அவற்றின் விகிதமே விடை. 2012இல் வெளிவந்த ஆய்வுகள் இவ்விதமாக இவ்விரு நிலைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான புரதங்களை ஒப்பிட்டன.

எனினும், கலக்கும் இடத்திலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். ரத்த நிலைச் செல், ஈ நிலைச் செல்லைவிடச் சிறியது. அதன் மொத்தப் புரதத்தில் வி.எஸ்.ஜி. மட்டுமே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சம எடையில் கலப்பதா, சம எண்ணிக்கையில் கலப்பதா என்பதைப் பொறுத்து விகிதங்கள் எல்லாமே ஒரு பக்கம் நகரக்கூடும். கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். பெரும்பாலும் அது செய்முறைப் பகுதியின் மூலையில் இருக்கும்.

மேலும், ஆய்வகத்தில் எளிதாக வளரும் இரண்டு முனைகளை மட்டும் ஒப்பிடுவது, இடையே உள்ளதை மறைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் பெருகி நெருக்கமாகும்போது, அவற்றில் பல பிரிவதை நிறுத்திக் குட்டையான வடிவத்துக்கு மாறுகின்றன. அந்நிலையில், இன்னும் மனித ரத்தத்திலேயே இருக்கும்போதே, ஈயின் குடலில் தேவைப்படவிருக்கும் மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் சிலவற்றை அவை ஆக்கத் தொடங்கிவிடுகின்றன.