செட்-9 கொலைகாரன் இல்லை: நெட் தேர்வும் எங்கள் வீட்டு ஃபுட்பாலும்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வு சிஎஸ்ஐஆர் நெட். அதன் லைஃப் சயின்ஸ் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை கோட்டை விட்டதில் இன்றுவரை ஆறாத கேள்வி ஒன்று உண்டு. செட்-9 மரபணு செயலிழந்தால் புழுவின் செல்களுக்கு என்ன ஆகும்? 'செட்' (ced) என்றாலே செல் இறப்பு (cell death), ஆக இது கொல்கிற மரபணு, இது போனால் செல் பிழைத்துக்கொள்ளும் என்று யோசிக்காமல் குறித்துவிட்டேன். நான்கு மதிப்பெண் வரவில்லை, தவறுக்கு ஒன்று கழிந்தும் போனது.

அந்தப் பெயரே ஒரு பொறி. மரபணு கெட்டால் செல் இறப்பில் கோளாறு தெரிகிறது, அதனால் 'செட்' என்று வைத்தார்கள். உடல் வளரும்போது சில செல்கள் திட்டப்படி தாமே சாக வேண்டும்; அதில் என்ன கோளாறு என்பதைப் பெயர் சொல்லாது. சாக வேண்டியது சாகாமல் இருக்கலாம், வாழ வேண்டியது செத்துப்போகலாம், செட்-1 கெட்டால் ஆவதுபோல செத்த செல்லை விழுங்க ஆளில்லாமல் அது அப்படியே கிடக்கலாம்.

இதெல்லாம் தெரியவந்தது சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவில். அதன் இருபால் புழுவில் 1,090 உடல் செல்கள் உண்டாகி, 131 செத்து, 959 மிஞ்சும். எந்தச் செல் எப்போது சாகும் என்பது புழுவுக்குப் புழு மாறாது. எண்ணிப் பார்க்க முடிந்ததால்தான் கோளாறைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. ப்ரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் கிடைத்ததும் இந்தப் புழுவால்தான்.

இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு மழை நாள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது, டியூஷன் எடுக்கப் போக முடியவில்லை. வியாசர்பாடி வீட்டில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு மழை வந்தால் ஃபுட்பால் வெறி இன்னும் கூடும். தம்பி ஜெர்ஸி போட்டுக்கொண்டு நிற்கிறான், அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். அப்போது அவன் கூட்டாளி வாசலில் வந்து, "ஆன்ட்டி, தண்ணி லாரி வந்துடுச்சி!" என்றான். அம்மா கையை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லாரியும் இல்லை ஒன்றும் இல்லை. தம்பி அதற்குள் பந்து வைத்திருக்கிற பையனை எழுப்பப் போய்விட்டான்.

சரி, ஆட்டம் நடப்பதுதான் செல்லின் சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் ஒவ்வொருவரும் ஒரு மரபணு, அது உண்டாக்கும் புரதம். தம்பி செட்-4. அவனைப் பிடித்து வைத்திருக்கும் அம்மா செட்-9. அம்மாவைக் கிளப்பிவிட்ட கூட்டாளி ஈஜிஎல்-1. பந்துக்காரன் செட்-3, புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் அவன்தான், தம்பி எழுப்பினால்தான் எழுவான்.

இனி இரட்டைத் திரிபுக் கேள்விக்கு, அதாவது இரண்டு மரபணுக்கள் ஒரே நேரத்தில் மாறிப்போன புழுவைப் பற்றிய கேள்விக்கு வாருங்கள். அம்மா ஊரில் இல்லை, கூட்டாளியும் வரவில்லை: ஆட்டம் நடக்குமா? நடக்கும், தடுக்கத்தான் ஆளில்லையே. செட்-9, ஈஜிஎல்-1 இரண்டும் கெட்டால் செல்கள் சாகும். அம்மா இல்லை, பந்துக்காரனும் இல்லை: யாரும் தடுக்காவிட்டாலும் ஆட்டம் இல்லை. செட்-9 மட்டும் கெட்டால் வாழ வேண்டிய செல்களும் செத்துக் கருவே அழியும். கூடவே செட்-3யும் கெட்டால் புழு பிழைக்கும். இரட்டைத் திரிபு எந்த மரபணுவின் ஒற்றைத் திரிபைப் போல நடக்கிறதோ, இந்த வரிசையில் அதுதான் பின்னால் நிற்பது. கேள்வியில் செயலிழப்புத் திரிபா (மரபணு வேலை செய்யாமல் போவது), செயல்மிகைத் திரிபா (அளவுக்கு மீறி வேலை செய்வது) என்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள். செட்-9 செயல்மிகை என்றால் அம்மாவின் பிடி இரும்புப் பிடி, சாக வேண்டிய செல்லும் சாகாது.

மனிதனுக்கு வரும்போது இந்தக் கதையை அப்படியே ஒட்டாதீர்கள், நான் ஒட்டி மாதிரித் தேர்வில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனிதனில் செட்-9க்கு இணை பிசிஎல்-2, செட்-4க்கு இணை அபாஃப்-1 என்பதெல்லாம் சரி. மனித பிசிஎல்-2வைப் புழுவுக்குள் வைத்தால் அங்கேயும் செல் சாவைக் குறைக்கிறது என்று 1992இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் நம் செல்லில் பிசிஎல்-2, அபாஃப்-1இன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்களும் துளை போடாமல் பார்த்துக்கொள்கிறது. துளை விழுந்தால் உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வரும், அது அபாஃப்-1உடன் சேர்ந்து கேஸ்பேஸ்-9ஐ எழுப்பும், அது கேஸ்பேஸ்-3ஐ எழுப்பும். கூட்டாளி வேலையை இங்கே செய்பவை பூமா, நாக்ஸா போன்ற புரதங்கள். டிஎன்ஏ சேதமானால், புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53 இவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடும். பி53 கெட்ட புற்றுநோய்ச் செல் ஏன் சுலபத்தில் சாவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் வேறு வழி: 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உற்பத்தியாகும்.

ஃபாஸ், கேஸ்பேஸ்-8 என்று சாகச் சொல்லும் கட்டளை செல்லுக்கு வெளியிலிருந்து வரும் பாதைக்கு எனக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. பிட் என்ற புரதம் அதை மைட்டோகாண்ட்ரியாவோடு இணைக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பாடத்திட்டத்தில் இது இரண்டு இடத்தில் வரும்: நான்காம் அலகில் புற்றுநோயோடு, ஐந்தாம் அலகில் வளர்ச்சி உயிரியலோடு. நான் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினேன். சி பகுதியில் 75 கேள்விகளில் 25க்குத்தான் விடை எழுத வேண்டும், அதனால் இரட்டைத் திரிபு அட்டவணை கண்ணில் பட்டால் முதலில் அதில் கை வைப்பேன். படிக்க நீளமாக இருக்கும், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ரஃப் தாளில் அம்மா, தம்பி, பந்து என்று மூன்று சொல் கிறுக்கினால் இரண்டு நிமிடத்தில் விடை வந்துவிடும்.