சனியை நேருக்கு நேர் பார்த்த புதன்கிழமை

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் புதன்கிழமை ராத்திரிச் சமையல் சீக்கிரம் முடிந்துவிடும். கேம்பிரிட்ஜ் மேடிங்லி ரோட்டில் இருக்கும் பல்கலைக்கழக வானியல் நிலையத்துக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை புதன்கிழமை சாயங்காலங்களில் யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. 7.15 மணிக்கு அரை மணி நேரப் பேச்சு. பேசுகிறவர் அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவராக இருப்பார், பல நாள் முனைவர் பட்ட மாணவர்கள்தான். வானம் தெளிந்திருந்தால் அப்புறம் எல்லோரும் வெளியே வந்து தொலைநோக்கியில் பார்க்கலாம். மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன், இப்போது அவளுக்கு எட்டு.

2025 நவம்பரில் கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராசிபலன் பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஒரு மஃப்ளர், என் கணவரின் பழைய கோட்டு, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு "இந்தக் குளிரில் நட்சத்திரம் பார்க்கப் போகணுமா?" என்று கேட்டபடியேதான் காரில் ஏறினார்.

அன்றைக்குப் பேச்சு வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றி. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் எரிபொருள் தீர்ந்து அடங்கிய பிறகு மிஞ்சும் கரு, சூரியன் அளவு நிறையைப் பூமி அளவு உருண்டைக்குள் திணித்த மாதிரி இருக்கும், அதில் ஒரு டீஸ்பூன் எடுத்தாலே டன் கணக்கில் எடை. நான் அப்பாவின் காதில் மெல்ல தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பேசிய பெண் நடுவில் "சந்திரசேகர் லிமிட்" என்றார். தளர்ந்து உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்துவிட்டார். "யாரும்மா, நம்ம ஆளா?" ஆமாம்பா, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல், 19 வயதில், இந்த ஊருக்குப் படிக்க வந்தவர், கப்பலில் வரும்போதே போட்ட கணக்கு அது என்றேன். சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் வெள்ளைக் குள்ளனாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதுதான் அந்த எல்லை. 1935 ஜனவரியில் லண்டனில் அதை அவர் சொன்னபோது, அடுத்து எழுந்து பேசிய எடிங்டன் சபைக்கு முன்னால் எள்ளி நகையாடினார். அந்த எடிங்டன்தான் அப்போது இந்த வானாய்வகத்தின் இயக்குநர், குடியிருந்ததும் இதே வளாகத்தில், நாங்கள் காரை நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூண் வைத்த பழைய கட்டடத்தில். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல் வந்தது. இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

வெளியே வந்தால் அபூர்வமாக வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அங்கே சிவப்பு விளக்குதான் வைத்திருப்பார்கள், வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், திரும்பப் பழக இருபது நிமிஷமாவது ஆகும். நார்தம்பர்லேண்ட் தொலைநோக்கிக்கு வரிசை. நார்தம்பர்லேண்ட் பிரபு 1833இல் கொடுத்த கொடையில் உருவாகி 1838இல் முடிந்தது, 30 செ.மீ. குறுக்களவு லென்ஸ், கிட்டத்தட்ட 6 மீட்டர் குவியத் தூரம். இவ்வளவு பழைய கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் எட்டு வயசுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே திருப்பி வைக்கிறார்கள் பாருங்கள், அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குக் காட்டியது சனி. மகள் பார்த்துவிட்டு முகம் வாடி, "வளையம் எங்கேம்மா?" என்றாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி தட்டு இல்லை, உருண்டையின் இரண்டு பக்கமும் ஊசி செருகியது போல ஒரு கோடு மட்டும். அங்கே நின்ற மாணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் விரித்துப் பிடித்தார், பிறகு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கடைசியில் விளிம்பை மட்டும் அவள் கண்ணுக்கு நேரே வைத்தார். சிவப்பு வெளிச்சத்தில் காகிதம் காணாமலே போனது. வளையம் கிட்டத்தட்ட 2,70,000 கி.மீ. அகலம், தடிமன் பல இடங்களில் 10 மீட்டர் அளவுதான். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது, அதற்குள் இரண்டு தடவை இப்படி விளிம்பு நம் பக்கம் திரும்பும் என்றார். மகள் ஓடிப்போய் வரிசையில் மறுபடி நின்றாள்.

அப்பா முறை வந்தது. அவர் நகரவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். "ஏம்மா, சனியை நேருக்கு நேர் பார்க்கலாமா?" என்று என் காதருகில் கேட்டார். திருநள்ளாறு போனாலே எதிரே நின்று கும்பிடாமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஆள், சும்மா கேட்கவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேத்திதான் கையைப் பிடித்து இழுத்தாள், "தாத்தா, கோடு மாதிரிதான் இருக்கு, வாங்க." செருப்பைக் கழற்றுகிறவர் போல ஒரு கணம் கீழே பார்த்தார், அப்புறம் குல்லாவை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது என்று மாணவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

வெளியே வந்ததும் அப்பா கேட்டது, "அந்தப் பையன் எத்தனை வருஷம்னு சொன்னான்?" இருபத்தொன்பதரை. "சரியாத்தான் சொல்றான். ராசிக்கு ரெண்டரை வருஷம், பன்னிரண்டு ராசிக்கு முப்பது. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க?" அதை அப்படியே மாணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார், தொலைநோக்கி இல்லாமல் கண்ணால் பார்த்தே அந்தக் கணக்கைப் பிடித்தவர்களை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது என்றார்.

அப்புறம் அவரே ஒன்று சொன்னார். இப்போது சனிக்குச் சில டிகிரி தள்ளித்தான் நெப்டியூனும் இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1846 ஆகஸ்டில் இந்த வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த சாலிஸ், நாங்கள் சற்றுமுன் கண் வைத்த இதே தொலைநோக்கியில் அதைத் தேடினார். இரண்டு இரவுகள் அதைப் பார்த்துக் குறித்தும் வைத்திருக்கிறார், ஆனால் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை. செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கல்லே என்பவர் தேடத் தொடங்கிய முதல் இரவிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு அந்தப் பேச்சுகள் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இதுதான். 1995 அக்டோபரில் சூரிய கிரகணம் வந்தபோது ஜன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அன்றைக்கு எங்கள் பள்ளியில் ஒருவராவது காகிதத்தைச் சாய்த்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது செய்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பார்த்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் தொலைநோக்கியில் ஒரு மங்கிய புகைத் திட்டு, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அது ஆண்ட்ரோமீடா. அதனால் மழை என்றாலும் போங்கள். மேகம் மூடிய நாட்களில் கூட்டம் குறைவு, பேச்சு முடிந்து கேள்விக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும், பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "அது எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று ஓர் ஆராய்ச்சியாளர் எட்டு வயசுக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்வதை நான் அங்கேதான் முதல் முதலாகக் கேட்டேன்.

அடுத்த புதன் கொட்டும் மழை. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அப்பா குல்லாவோடு வாசலில் நின்றார். பேச்சு வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி. முடிந்ததும் "கேளேன்" என்று என் முழங்கையை இடித்தார். அவர் சார்பில் நான் எழுந்து, நெப்டியூன் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். பேச்சுக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான். பேசியவர் முகம் மலர்ந்து, 165 வருஷம், 1846இல் கண்டுபிடித்த பிறகு அது முதல் சுற்றை முடித்ததே 2011இல்தான் என்றார்.

அப்பா காரில் ஏறும் வரை ஒன்றும் பேசவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார், "அப்போ ராசிக்குப் பதினாலு வருஷம் வருது."