பஞ்சாரத்துக்குள் ஆறு மணி

"கொல்லையில ஒரு கலர் கோழிக்குஞ்சு நிக்குதுடா. யாரு வீட்டுதுன்னு தெரியல" என்று அம்மா போன் பண்ணியபோது நான் கோரையாற்றுப் பக்கம் முழங்கால் சேற்றில் நின்று ஒரு பழுப்புக் கீச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸும் பச்சையுமாகச் சாயம் முக்கி விற்க வருவார்களே, அதில் ஒன்று தப்பி வந்திருக்கும். "பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து வைம்மா, வந்து பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கீச்சான் பறந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஐப்பசி பிறந்தால் விடியற்காலையில் எனக்கு வீட்டில் கால் தங்காது. வலசைப் பறவை பார்க்கிறவர்கள் கோடியக்கரைக்குப் போவார்கள், இல்லையென்றால் வடுவூர் ஏரிக்கு. அதுவாவது 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய ஏரி. எனக்கு வாய்த்தது நீடாமங்கலத்துக்குத் தெற்கே, மதகிலிருந்து களத்துமேடு வரை அரைக் கிலோமீட்டர் வாய்க்கால் வரப்பு. சம்பா நட்ட புதிதில் வயலில் தண்ணீர் பளபளவென்று நிற்கும்போது பொரி உள்ளான்களுக்குக் கொண்டாட்டம். பயிர் தூர் கட்டி மூடிவிட்டால் அவை குட்டை பார்த்துப் போய்விடும்.

அன்று கரண்டு கம்பி முழுக்கத் தகைவிலான்கள். எண்ணி முடிப்பதற்குள் நாலு எழுந்து இடம் மாறி உட்காரும். மூன்று தடவை எண்ணி மூன்று கணக்கு வந்தது. நடுவில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தண்ணீர் கட்ட வந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "தம்பி என்ன எண்ணுறீங்க?"

"தகைவிலான் பெரியப்பா. இமயமலைக்கும் வடக்கேருந்தெல்லாம் வருது."

"அம்புட்டு தூரத்துலேருந்து வந்து நம்ம கம்பியிலதான் ஒக்காரணுமா? நேத்து ராத்திரி கரண்டு போனது இதுனாலதானா?"

வயலில் நின்ற உள்ளானை அவருக்கே தெரிந்திருந்தது. "இது வறுவலுக்குத் தோதா இருக்கும். இப்பப் புடிச்சா கேஸு" என்றார். சொல்லும்போது முகத்தில் அத்தனை ஏக்கம்.

எனக்கு வேறு ஏக்கம். ஆறுமணிக்குருவி. கோடையில் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இந்த மாதங்களில் தெற்கே வரும். ராத்திரியில் பறந்து, விடியும்போது களைத்துப்போய்க் கிடைத்த இடத்தில் இறங்கும். சில சமயம் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். நாலு வருஷமாக என் நோட்டில் அதன் பெயருக்கு எதிரே வெறும் கோடுதான்.

மறுபடி அம்மா. "சாயம் நல்லாத்தான் புடிச்சிருக்கு. முதுகு பச்சை, ரெக்கையில நீலம், அடிவயிறு செவப்பு. குருணை போட்டா திங்க மாட்டேங்குது. வாலைத்தான் பாதியக் காணும்."

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. "கண்ணுல மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு இருக்காம்மா?"

"ஆமா. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

வரப்பில் ஓடக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு பக்கம், பைனாகுலர் ஒரு பக்கம் விழுந்தோம். பெரியவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "ஏன் தம்பி, வீட்டுக் கம்பியிலயும் வந்து ஒக்காந்துருச்சா?" என்று கேட்டார்.

கொல்லையில் கூட்டம். எதிர்வீட்டுப் பொடியன் அது தன் குஞ்சுதான் என்று அழுதுகொண்டிருந்தான். பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மைனா அளவு உடம்பு, வெள்ளைத் தொண்டை, நிமிர்ந்த நிற்பு. பக்கத்தில் கொட்டாங்கச்சியில் தண்ணீர், முன்னால் தொடாத குருணை. புழு பூச்சி தின்கிற ஜீவனுக்கு ரேஷன் அரிசிக் குருணை!

எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுப் பஞ்சாரத்தை ஒரு பக்கம் தூக்கினேன். பறக்கவில்லை. தத்தித் தத்தி வாழையடிக்குப் போய், ஒரு சருகைப் புரட்டிப்போட்டு, கீழே இருந்த மண்புழுவை இழுத்தது. "கோழி மாதிரிதானடா கெளறுது" என்றாள் அம்மா, ஜன்னல் வழியாக. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிற குரல்.

இன்னொரு சிக்கல். என் எல்லை களத்துமேட்டோடு முடிகிறது, கொல்லை அதற்கு வெளியே. நோட்டை எடுத்து, 'மதகு முதல் எங்கள் கொல்லை வரை' என்று திருத்தி எழுதிவிட்டுக் கோட்டை அழித்தேன்.

சாயங்காலம் மூங்கில் புதரிலிருந்து இரட்டை விசில் கேட்டது. விளக்கேற்ற வந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறுமணிக்குருவிங்குற. இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு."