அந்தக் கட்டத்தில் நான் எழுதாமல் விட்டது

எண்ணூறு மீட்டர் ஓடி முடித்தவளிடம் போய் மூத்திரம் கேட்டால் எங்கிருந்து வரும்? 2011 கடைசியில், வடக்கே ஓர் ஊரில் நடந்த மீட். மூன்றாவதாக வந்து, டிராக் ஓரம் மண்டியிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அட்டை தொங்க ஓர் அக்கா வந்து தோளைத் தொட்டார். அவர் பேசிய இந்தியில் ‘டோப் டெஸ்ட்’, அதாவது ஊக்கமருந்துச் சோதனை, என்பது மட்டும் புரிந்தது. அப்புறம் நிழல் மாதிரி கூடவே வந்தார். ஸ்பைக்ஸ் கழற்றும்போதுகூடக் கண்ணை எடுக்கவில்லை.

அறையில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தார்கள். ஐந்து குடித்தேன். குறைந்தது 90 மில்லி வேண்டுமாம். கழிவறையில் பனியனை மார்பு வரை தூக்கி, ஷார்ட்ஸை முட்டிக்குக் கீழே இறக்கி, அந்த அக்கா நேருக்கு நேர் பார்க்கப் போக வேண்டும். ஹாஸ்டலில் பாவாடையை நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிக் குளித்த பெண் நான். இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்ததை அதிகாரி சோதித்துவிட்டுத் தலையாட்டினார்: தண்ணீராக இருக்கிறது, செல்லாது, மறுபடி உட்கார். இன்றைக்குச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு அழுதேன்.

அழுததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. காத்திருந்த நேரத்தில் படிவத்தை நீட்டினார்கள். கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப் பொருள் எல்லாவற்றையும் எழுத ஒரு கட்டம். இரும்புச் சத்து மாத்திரை என்று எழுதினேன். பேனா அதோடு நின்றுவிட்டது.

மூன்று மாதமாகப் பாலில் கலந்து ஒரு பவுடர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதைய என் கோச் பழைய காபி பாட்டிலில் போட்டுக் கொடுத்தது. வெளிர் மஞ்சள் நிறம், அடிநாக்கில் லேசாகக் கசக்கும். என்ன சார் இது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். “சத்து மாவு மாதிரிதாம்மா, குடி.” குடித்தேன். சோறு போட்டு, ஷூ வாங்கிக் கொடுத்து, ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரிடம் லேபிள் எங்கே என்று எப்படிக் கேட்பது?

அந்த வருஷம்தான் ரிலே அக்காக்கள் மாட்டியிருந்தார்கள். 2010 காமன்வெல்த் போட்டியில் 4x400 தங்கம் வென்ற அணியில் இருந்த மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி. ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோன் மாதிரி வேலை செய்து தசையை வளர்க்கும் மருந்து. கோச் கொடுத்த ஜின்செங் மாத்திரையால் வந்தது என்றார்கள். யுக்ரைன்காரரான கோச் யூரி ஒகோரோத்னிக் வேலையை இழந்தார். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை, மேல்முறையீட்டில் அது இரண்டாண்டானது. உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு ஓடுகிறவள்தான் பொறுப்பு என்பது சட்டம். சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். வேறு மாதிரி எழுதினால் எல்லாரும் கோச்சைக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயசுக்காரிக்கு இந்த நியாயமெல்லாம் எட்டவில்லை.

பவுடரை எழுதவில்லை. என்ன பேர் என்று எழுதுவது?

சாம்பிளை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் ஊற்றி, மூடியைக் கிரிக் கிரிக் என்று இனி திருக முடியாத வரைக்கும் திருகினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் பல மாதம் தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வயிற்றைப் பிசையும். ஒன்றும் வரவில்லை. பவுடர் என்ன என்பது இன்றுவரை தெரியாது. வெறும் கடலை மாவாகக்கூட இருந்திருக்கலாம்.

இப்போது பள்ளியில் பி.டி. டீச்சர். பசங்களுக்கு ஆண்ட்ரியாஸ் க்ரீகர் கதையைச் சொல்வேன். கிழக்கு ஜெர்மனியில் ஹைடி என்ற பெண்ணாகக் குண்டு எறிதல் போட்டிகளில் கலந்துகொண்டவர். 16 வயதிலிருந்து நீல மாத்திரை கொடுத்தார்கள், ஓரல் டூரினபோல் என்ற ஸ்டீராய்டு. 1986இல் ஐரோப்பிய சாம்பியன். அந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 2,600 மில்லிகிராம் உடம்புக்குள் போயிருந்தது. குரல் தடித்தது, முகத்தில் முடி வந்தது. 1997இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். அதைத் தானாக முடிவுசெய்யும் வாய்ப்பைப் பறித்துவிட்டார்கள் என்பதுதான் அவர் குறை. 2000இல் பெர்லின் வழக்கில் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதம், அதுவும் நிறுத்திவைத்த தண்டனை. ஒருநாள்கூட உள்ளே போகவில்லை.

பெண்ணுக்குக் குரல்நாண் ஒருமுறை தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது என்று சொல்லும்போது பெண்கள் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், விதை சுருங்கும், மார்பு பெண் மார்பு போல வளரலாம் என்றால் பின்வரிசைச் சிரிப்பு நின்றுவிடும். மாத்திரை ஈரலைக் கெடுக்கும், நல்ல கொழுப்பு குறைந்து இதயத்துக்கு ஆபத்து என்பதையும் சொல்வேன். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. பதினாறு வயசுக்கு இதயம் காதலிக்க மட்டும்தான்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிரவுண்டில் பையைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினாள். “ஜிம் அண்ணன் குடுத்தாரு டீச்சர். லேபிள் கிழிஞ்சு போச்சாம். 400ல ரெண்டு செகண்ட் குறையும்னாரு.”

திறந்தேன். வெளிர் மஞ்சள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். டப்பா இப்போது என் டிராயரில், விசில் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அவள் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன்.