சனிக்கிழமைகளின் கணக்கு

ஆண்டுக்கு 52 சனிக்கிழமைகள். பராமரிப்புக்காக அரங்கத்தை மூடும் வாரங்களைக் கழித்தால் எங்களிடம் மிஞ்சுவது 46. சிறிய நகரம் ஒன்றில், லாப நோக்கமில்லாமல் நடக்கும் கலையரங்கத்தைப் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். உங்கள் வேலை என்ன என்று யாராவது கேட்டால், அந்த 46 நாட்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் என்று சொல்வேன். மற்ற வேலைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

நிகழ்ச்சி பார்க்க மக்களுக்கு நேரம் கிடைப்பது வார இறுதியில். அரங்கத்தை வாடகைக்குக் கேட்பவர்களுக்கும் அதே சனிக்கிழமைதான் வேண்டும். நிறுவன ஆண்டு விழா, பள்ளி விழா என்றால் பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். உள்ளூர் நாடகக் குழுவுக்குக் கொடுத்தால் டிக்கெட் விற்றால்தான் உண்டு. லாப நோக்கமில்லை என்றால் மிச்சமே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மிச்சம் வரலாம், வரவும் வேண்டும். அதை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, அரங்கத்துக்கே செலவிட வேண்டும், அவ்வளவுதான். கையில் மிச்சம் இல்லாத அரங்கம் ஒரு பெரிய பழுது வந்தால் மூட வேண்டியதுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாடகத்தின் சனிக்கிழமை புதன்கிழமையே தொடங்கிவிடும். புதன் அன்று செட் வந்து இறங்கும். வியாழன் முழுக்க விளக்கு வேலை. ஏணியில் ஏறி ஒவ்வொரு விளக்காகத் திருப்பிக் குவித்து, எந்தக் காட்சிக்கு எது எவ்வளவு எரிய வேண்டும் என்று விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் பதிவு செய்வார்கள். வெள்ளிக்கிழமை உடை, ஒப்பனையோடு முழு ஒத்திகை. சனி இரவு கடைசிப் பார்வையாளர் வெளியேறியதும் செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஆக, விழாவுக்கு விட்டால் ஒரு நாள் போகும், நாடகத்துக்கு நான்கு நாள் போகும். அந்த நான்கு நாளைக்கும் மின்சாரம், காவல், சம்பளம் எல்லாம் உண்டு.

ஆண்டுதோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நிகழ்ச்சிகள் கூடவில்லையே, செலவு மட்டும் ஏன் கூடுகிறது என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நிர்வாகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன். அப்புறம்தான் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966இல் எழுதியதைப் பற்றிப் படித்தேன். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு நூறு ஆண்டுக்கு முன்பும் நான்கு பேர் தேவை, இன்றும் நான்கு பேர் தேவை. அரை மணி நேர இசையைப் பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்க முடியாது. மற்ற தொழில்களில் இயந்திரம் வந்து, ஒரு மணி நேரத்தில் ஒருவர் செய்யும் வேலை பெருகுகிறது. அதனால் அங்கே சம்பளமும் ஏறுகிறது. கலைஞர்களும் அதே சந்தையில்தான் வாழ வேண்டும். அவர்கள் ஊதியமும் ஏறத்தான் செய்யும், ஆனால் மேடையில் வேலை குறையாது. டிக்கெட் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையிலுள்ள பள்ளம் யார் தவறும் இல்லாமலே அகலும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நன்கொடை கேட்கும்போது எனக்கிருந்த கூச்சம் போனது.

அந்தத் தெளிவு வருவதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதில் இருக்கிறது. கணக்கில் பெரிய துண்டு விழுந்த ஆண்டு அது. எங்கள் ஊர் இளைஞர் நாடகக் குழு ஒன்றுக்கு வாய்மொழியாக ஒரு சனிக்கிழமையைச் சொல்லியிருந்தேன். ஒரு நிறுவனம் அதே நாளுக்கு நல்ல வாடகையோடு வந்தது. ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை என்று சொல்லிக் குழுவினரை ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன். குழுவை நடத்தும் பெண் சண்டை போடவில்லை. "சரி சார், பாத்துக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு அரங்கத்தில் பாதிகூட நிறையவில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவர்கள் எங்கள் பக்கம் வரவில்லை, ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் நாடகம் போட்டார்கள்.

பெரிய நகரமாக இருந்தால் அந்த இடத்தை வேறொரு குழு நிரப்பியிருக்கும். சிறிய நகரத்தில் அப்படியில்லை. எங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வருபவர்கள் சில நூறு பேர். நடனத்துக்கும் அவர்கள்தான், நாடகத்துக்கும் அவர்கள்தான். ஒரே வாரத்தில் இரண்டு நல்ல நிகழ்ச்சிகள் வைத்தால் ஒன்று காலியாகத்தான் இருக்கும். அந்தச் சில நூறு பேரும் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. மேடையில் நின்றவர்களின் அக்கா, தம்பி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று முதல் முறை உள்ளே வந்தவர்கள். பிடித்துப்போய் அப்புறம் தாமாக வரத் தொடங்கியவர்கள். அந்தக் குழு விலகியதும் முன்வரிசைகளில் சில முகங்கள் காணாமல் போயின. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்த இழப்பு வராது. கதவருகே நின்று ஆட்களை வரவேற்கும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இதற்கிடையில் இருக்கைகள் வந்தன. ஒரு குடும்பம் பழைய மர இருக்கைகளை எடுத்துவிட்டு மெத்தை இருக்கைகள் போடப் பெருந்தொகை கொடுத்தது. எங்களுக்கு அப்போது அவசரத் தேவை கூரைப் பழுது. ஆனால் இருக்கைக்கென்று கொடுத்த பணத்தை இருக்கைக்குத்தான் செலவிட வேண்டும், அது சட்டத்துக்கும் சரி, மனசாட்சிக்கும் சரி. இருக்கைகள் அருமையாக அமைந்தன. முதல் இசை நிகழ்ச்சியில் மைக் இல்லாமல் பாடும் குழு ஒன்று வந்தது. பாடி முடித்ததும் அதன் தலைவர், "எங்க குரல் எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை அனுப்பினார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி சீக்கிரம் அடங்கியது. அரங்க ஒலியியலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்களுக்கு நடந்ததும் அதுதான். புதிய இருக்கைகளால் நாடக வசனம் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது, எதிரொலி குறைந்து பாட்டு உலர்ந்துபோனது. பக்கச் சுவர்களில் தொங்கிய கனமான திரைகளை இசை நாட்களில் கழற்றிவிட்டு, நாடக நாட்களில் மாட்டுகிறோம். முழுத் தீர்வு இல்லை, ஆனால் பாடுபவர்கள் திரும்ப வருகிறார்கள்.

அந்த இளைஞர் நாடகக் குழுவை நடத்தும் பெண்ணை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். நான் செய்தது தவறு என்று சொன்னேன். புதன் முதல் சனி வரை நான்கு நாளும் உங்களுக்கு, எழுதித் தருகிறேன் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, குழுவோடு பேசி ஒரு மாதம் கழித்துத்தான் சரி என்று சொன்னார்.

அவர்கள் நாடகம் போட்ட சனிக்கிழமை அரங்கம் நிறைந்து ஆட்கள் வாசலில் நின்றார்கள். நீண்ட நாள் நன்கொடையாளர் ஒருவர், நடைபாதையில் பத்து நாற்காலி போடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றேன். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கத்தில், குழந்தைகளும் தாய்மார்களும் நிறைந்த பகல் காட்சியில் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கொள்ளளவை மீறிக் கூட்டம் சேர்ந்திருந்தது, பூட்டிக் கிடந்த கதவுகளை வந்தவர்களால் திறக்க முடியவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து காட்சிக்கு முன் எல்லா வெளிவாசல்களையும் நானே தள்ளிப் பார்க்கிறேன். அவரிடம் இதையெல்லாம் விளக்க நேரமில்லை. கோபமாகத்தான் போனார், அடுத்த வாரம் பேசினோம், புரிந்துகொண்டார்.

இப்போது அடுத்த ஆண்டு நாட்குறிப்பை விரித்ததும், வாடகைக் கோரிக்கைகளைத் திறப்பதற்கு முன், 12 சனிக்கிழமைகளை உள்ளூர்க் குழுக்களுக்கென்று பேனாவால் எழுதிவிடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் முந்தைய புதனில் தொடங்கி. மீதி 34ஐப் பென்சிலால் எழுதுகிறேன்.